சவரிமுத்து சேரின் காற்றுக் குழாய்

ஞாயிற்றுக்கிழமை காலை சவரிமுத்து சேரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், இன்றைக்கு என்ன சந்தேகத்தைக் கிளப்பப் போகிறாரோ என்று சிரித்துக்கொண்டேதான் போனை எடுத்தேன். பேசியது அவர் மனைவி பிலோமினாக்கா. "டீச்சர், அவரு எழுந்திரிக்கவே இல்ல," என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பு. இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் கவலைப்பட்டது அக்காவின் நெஞ்சைப் பற்றி. கண்டதையெல்லாம் ஏன் என்று கேட்ட மனிதர், தன் நெஞ்சைப் பற்றி மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் பாடசாலையில் அவர் சித்திர ஆசிரியர், நான் புவியியல். இருவர் வீடும் பொகவந்தலாவைக் கடைவீதிக்கு மேலே, ஒரே தோட்டத்து மேட்டில் இருந்ததால் அவருடைய பழைய காரில்தான் போய்வருவோம். அந்தக் காரின் லட்சணம் அதில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும். மாதா சிலை வைத்த கெபி இருக்கும் வளைவுக்கு வந்ததும் மூச்சு முட்டி நின்றுவிடும். சேர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, கொஞ்சம் இறங்கிக்கொள்கிறீர்களா என்பார். நாங்கள் இறங்கி, மேடு முடியும்வரை நடந்துபோய் ஏறிக்கொள்வோம். ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்குப் போய்வரும்போது அக்காவும் காரில் இருப்பார்; பூசைக்குக் கட்டிய சேலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி நடப்பார். பிறகு ஒருநாள் நெஞ்சுக்குப் பார்க்கும் கிளினிக்கில், இனிமேல் மேடு ஏறி நடக்கவே கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு த்ரீவீலர் பிடித்தால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். சேர் மறுக்கவில்லை. "தீந்துரும் டீச்சர். ஆனா கார் ஏன் ஏறலன்னு நமக்குத் தெரியாமலே போயிருமே," என்றார். அப்படியே அக்காவை த்ரீவீலரில் அனுப்பிவிட்டு, மலையில் காற்று குறைவா என்று என்னைத் துளைக்க ஆரம்பித்தார். உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும், நமக்கு மூச்சு வாங்குவதைப் போல எஞ்சினுக்கும் வாங்கும் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த வாரமே ஹட்டன் பக்கம் உடைத்துப் போட்ட ஒரு வேனின் டர்போவை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வீணாக வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அது மறுபக்கம் எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊதும் என்று கைச்சாடை காட்டி விளக்கினார். எஞ்சின் வேலையை கராஜ்காரரிடம் விட்டுவிட்டார். காற்று போகும் குழாயை மட்டும் தானே செய்வதாகப் பிடிவாதம்.

முதலில் அவர் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், பசை தடவினால் ஒட்டிக்கொள்ளும். ஒரே மாலைக்குள் பூட்டி முடித்துவிட்டார். அந்த வெள்ளைக் குழாய் கடைவீதி நடுவில் வெடித்த சத்தத்துக்கு, டயர் போய்விட்டது என்று நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். போனட்டைத் திறந்தால் குழாய் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி தொங்கியது. நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவரோ உள்ளே போவது வெறும் காற்றுத்தானே, அதை யார் சூடாக்கியது என்று கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து, வாயை விரலால் அடைத்து அடித்து, அடிப்பக்கத்தை ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நெருக்கினால் காற்று சூடாகும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அதிபர்கூடத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு அலுமினியம் பார்த்தார். இலேசு, துருப்பிடிக்காது, ஆனால் அதை ஒட்டித்தரும் வெல்டிங் எங்கள் பக்கத்தில் இல்லை. துத்தநாகம் பூசிய குழாயைக் கொண்டுபோனதற்கு வெல்டிங்காரர், அந்தப் புகை காய்ச்சலில் படுக்கப் போட்டுவிடும் என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அனுமதி கேட்டு, தேயிலை காயவைக்கும் சூட்டை எதில் கொண்டுபோகிறார்கள் என்று பார்க்கப் போனார். வெறும் இரும்புதான். கழித்துப்போட்ட லொறியின் புகைக்குழாயை அற்ப விலைக்கு வாங்கி, உட்புறத் துருவையும் கரியையும் சுத்தமாகச் சுரண்டி, வளைத்து ஒட்டிப் பூட்டினார். அது வெடிக்கவில்லை. ஆனால் வெல்டிங் ஒட்டில் விரிசல் விட்டது.

மறுபடியும் ஸ்டோருக்குப் போனார். இந்தத் தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கொழுந்து வாட்டும் மாடியில், மின்காற்றாடியையும் அதை அடுத்த கொழுந்துத் தொட்டியையும் கெட்டித் துணியால் இணைத்திருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார். "பாருங்க டீச்சர், ஆடுறதையும் ஆடாததையும் இறுக்கிக் கட்டக்கூடாதுன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். எஞ்சின் ஆடுகிறது, குழாய் ஆடவில்லை, விரிசல் விடாமல் என்ன செய்யும். ரேடியேட்டருக்குப் போடும் தடித்த ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, மூட்டுக்கு மூட்டு மாட்டி, கிளிப் போட்டு முறுக்கினார். ரப்பர் வழுக்கிக் கழன்றுவிடாமலிருக்க, இரும்பின் விளிம்பில் மெல்லிய வரப்பு மாதிரி வெல்டிங் ஓட்டச் சொன்னார். ஒரே ஒரு மூட்டில் அந்த வரப்பு சரியாக விழவில்லை. அங்கே அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்.

கெபி வளைவை அந்தக் கார் ஏறிய அன்று நாங்கள் மூவரும் உள்ளே இருந்தோம். சன்னமாக டர்போவின் விசில் சத்தம் கேட்டது. பழக்கத்தில் நான் கதவுப் பிடியில் கை வைத்திருந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபின் அக்கா, இதற்காகவா இத்தனை நாள் சட்டையெல்லாம் கரியாக்கினீர்கள் என்று அவரைத் திட்டினார். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து, பத்து நாள் கழித்து, அக்காவுக்கு கிளினிக் நாள் வந்தது. காரை நான்தான் ஓட்டிப்போனேன். திரும்பி வரும்போது கெபி வளைவில் சீறிக்கொண்டு ஒரு சத்தம், கார் அப்படியே துவண்டுவிட்டது. அக்கா சேலையைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நீங்க உக்காருங்கக்கா," என்றேன்.

போனட்டைத் திறந்தேன். அதே மூட்டுத்தான். ரப்பர் கழன்று கிடந்தது. கை சுடச்சுடத் துணியைச் சுற்றிக்கொண்டு அதைத் தள்ளி ஏற்றி, கிளிப்பை முறுக்கினேன். நாலு வகுப்புக்குப் புவியியல் சொல்லித்தருவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவள் நான். எந்தக் குழாய் எங்கே போகிறது, ஏன் அங்கே ரப்பர், ஏன் இங்கே இரும்பு என்பதெல்லாம் எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது என்றே தெரியவில்லை. சேர் எனக்கென்று விட்டுப்போனது அதுதான்.

கார் ஏறியது. அக்கா இறங்கவில்லை.