கன்னத்தோரம் கருப்புப் பலகை

போட்டோ ஸ்டுடியோக்காரன்னா வெளிச்சம் போடறவன்னு நீங்க நெனச்சுட்டு இருக்கறீங்க. பாதி நேரம் நாங்க பண்றது வெளிச்சத்தை வெரட்டறதுதானுங்க.

எழுபத்தெட்டு எழுபத்தொன்பது வாக்குல எடப்பாடியில கடை வெச்சேன். எங்கக்கா ஊட்டுக்காரரு, எங்க மச்சான், தறிப்பட்டறைக்கு முன்னால இருந்த ரூமை எனக்கு உட்டுக் குடுத்தாரு. சின்ன ரூமு, சுத்தியும் சுண்ணாம்புச் சுவரு. வெளக்கைப் போட்டா வெளிச்சம் நாலு சுவத்துலயும் பட்டுத் திரும்பி வந்து மூஞ்சியத் தட்டையாக்கிரும். பவுடரு வேற பூசிட்டு வருவாங்களா, படத்துல மூக்கு இருக்கற எடமே தெரியாது, இட்லிக்குக் கண்ணு வெச்ச மாதிரி இருக்கும்.

அதுக்குத்தான் ஆளு ஒசரத்துக்கு ரெண்டு கருப்புப் பலகை. சேலத்துல நான் தொழில் கத்துக்கிட்ட எடத்துல பாத்தது. கன்னத்துக்கு ரெண்டு பக்கமும், படத்துல உழுகாத தூரத்துல நிறுத்திட்டா, திரும்பி வர்ற வெளிச்சத்தை அது முழுங்கிக்கும். கன்னத்தோரம் நெழல் எறங்கி மூஞ்சி மூஞ்சியா நிக்கும். பெயிண்டு அடிச்சா மினுமினுங்கும்னு வெளக்குக் கரியப் பசையில கொழச்சுப் பூசியிருந்தேன். தொட்டா வெரல்ல ஒட்டும். ஆனா எவன் தொடறான்? கடை வெச்சு நொந்தவங்களுக்குச் சொன்னாப் புரியும், சரக்கு நல்லா இருந்தாப் பத்தாதுங்க, வர்றவங்க மெரளாம இருக்கோணும்.

டீச்சரம்மா

ஸ்கூல்ல வேலை பாத்த டீச்சரம்மா ஒருத்தங்க, சேலத்துக்காரங்க, சர்ச்சுல மொத மொதலா நற்கருணை, புதுநன்மைம்பாங்க, அது வாங்கப் போற மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. புள்ளைக்கு வெள்ளைக் கவுனு, வெள்ளை முக்காடு, கையில மெழுகுவத்தி. புள்ளைக்குப் பின்னாடியும் வெள்ளைச் சுவரு. அப்படியே எடுத்தா கவுனு சுவத்துல கரைஞ்சு போயி, மூஞ்சியும் மெழுகுவத்தியும் மட்டும் அந்தரத்துல தொங்கும். நான் நல்ல புத்தியாத்தான் ரெண்டு பலகையவும் தள்ளிட்டு வந்து புள்ளைக்கு ரெண்டு பக்கமும் நிறுத்துனேன்.

புள்ள இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு, வாயப் பொத்திக்கிட்டு அழுக ஆரம்பிச்சிருச்சு. டீச்சரம்மா மூஞ்சியில ரத்தமே இல்ல. ஆனாக் கொரலை ஒசத்தல. பாடம் நடத்தற மாதிரி நிறுத்தி நிதானமாச் சொன்னாங்க: "தம்பி, நாங்க புதுநன்மைக்குப் போட்டோ எடுக்க வந்தோம். கல்லறைத் திருநாள் வரட்டும், நாங்களே சொல்லி அனுப்பறோம்."

மச்சான் வெச்ச கெடு

அந்த வாரத்துல அவங்க மூணாவது ஆளு. முன்னால வந்த ரெண்டு பேரும் கல்யாணப் புள்ளைகளுக்குப் போட்டோ எடுக்க வந்தவங்க, வாசப்படியிலயே பலகையப் பாத்துட்டுச் செருப்பைக் கூடச் சரியா மாட்டாமத் திரும்பிட்டாங்க. பட்டறையில இருந்து மூணையும் மச்சான் பாத்துட்டு இருந்திருக்காரு. தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி அவருக்கு ரகசியமே கத்தித்தான் வரும். அன்னைக்குத் தறிய நிறுத்திட்டு வந்து மெதுவாப் பேசுனாரு.

பலகை இல்லாம எடுத்தா இட்லிமூஞ்சிங்கறாங்க, வெச்சு எடுத்தா எழவூடுங்கறாங்க, நான் என்னதான் பண்றது மச்சான்னு கேட்டேன். அவரு ரூமை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலால அளந்தாரு. அப்பறம் சொன்னாரு: "ஆவணி பொறக்குது மாப்ளே. இன்னும் ஒரே ஒருத்தரு இதப் பாத்துட்டு எந்திரிச்சுப் போகட்டும், மக்யா நாளு இங்க ரெண்டு தறி ஓடும். பலகை ரெண்டும் அதுக்குக் கதவு."

பெரியவரு

அடுத்து வந்தவரு ஜேடர்பாளையத்துப் பக்கம் தோட்டங்காட்டுக்காரரு, அறுவது வயசு. பொண்டாட்டி நச்சரிச்சதுக்காக வந்தவரு, சந்தைக்கு நேரமாச்சுன்னு பலகையத் திரும்பியே பாக்கல. ஒக்காந்தாரு, எடுத்தேன், போயிட்டாரு.

மூணு நாளு கழிச்சுப் படத்த வாங்கிப் பாத்தாரு. பாத்துட்டே இருந்தாரு. ஒட்டுன கன்னம், நெத்திக் கோடு, எல்லாம் நெழல்ல வெட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு. உள்ள தறிச் சத்தம் நின்னு போச்சு, மச்சான் எட்டிப் பாக்கறாருன்னு தெரிஞ்சுது. போச்சு, தொலைஞ்சேன்னு நெனச்சேன். பெரியவரு தலைய நிமுத்தாமயே கேட்டாரு: "எங்கப்பன் செத்து நாப்பது வருசமாச்சு, அவருக்குப் போட்டோவே கெடையாது. இந்த மூஞ்சிய நீங்க எங்கீங்க புடிச்சீங்க?"

வெரலு

"கெழவங்களுக்கு ஆகும். பொண்ணு புள்ளைகளுக்கு?" அப்படின்னுட்டுப் போனாரு மச்சான். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முன்னால ஒரு அம்மா வந்தாங்க, மகளோட. மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பறதுக்குப் போட்டோ. மச்சான் வாசப்படியில நிக்கறாரு, கையில தறிமேடை அளக்கற டேப்பு.

அந்த அம்மா பலகையப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. மகளைக் கையக் காட்டி நிறுத்திட்டு நேரா பலகைகிட்டப் போனாங்க. ஒரு வெரல வெச்சு இழுத்தாங்க. வெரலைப் பாத்தாங்க, மோந்து பாத்தாங்க. வெளக்குக் கரி. டேப்பு சர்ருன்னு சுருங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

திரும்பி வந்து அந்தக் கரிய மகளோட கன்னத்துல பொட்டா வெச்சாங்க. மிச்சத்தக் காதுக்குப் பின்னால தொடைச்சுட்டு, என்னயப் பாத்தாங்க: "ஊருக் கண்ணு படக்கூடாதுன்னு ஆளு ஒசரத்துக்குத் திருஷ்டிப் பொட்டே செஞ்சு வெச்சிருக்கறயா சாமி?"

மூணாவது பலகை

ஆமாங்கன்னு ஒரு பொய் சொன்னேன். என்ன பண்றது, தறி ஓடிருமே. பொட்டோடவே எடுத்தேன், அந்த மாப்பிள்ளை எடமும் அமைஞ்சிருச்சு. அப்பறம் கேக்கோணுமா? வந்ததுல பாதிப் பேரு போட்டோவுக்கு முன்னாடி பலகையத்தான் கேட்டாங்க. கன்னத்துல ஒண்ணு, உள்ளங்கால்ல ஒண்ணு. டீச்சரம்மா கூட வந்தாங்க, "பொட்டெல்லாம் வேண்டாம், பக்கத்துல நிறுத்துங்க போதும்"னாங்க.

ஒருநாள் மச்சான் பலகை முன்னால தனியா நின்னுட்டு இருந்தாரு. டேப்பை எடுத்து ஒசரத்த அளந்தாரு. போச்சு, கதவுதான்னு நெனச்சேன். அவரு ரகசியம் சொல்ற மாதிரி பட்டறையே கேக்கறாப்பல கத்துனாரு: "இன்னொண்ணு செய்யி மாப்ளே. தறிக்கு முன்னால நிறுத்தோணும். பக்கத்துப் பட்டறைக்காரன் கண்ணு சரியில்ல."

வெளிச்சத்தை முழுங்கறதுக்கு நான் வெச்ச பலகைய ஊரே தொட்டுத் தொட்டு வெளுக்க உட்டதுல, அந்த ஆவணி பூராவும் நான் போட்டோ எடுத்ததவிடக் கரி பூசுனதுதானுங்க சாஸ்தி.