பஸ் பட்டியலில் இரட்டித்த பெயர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், கம்ப்யூட்டரில் இருக்கும் விவரங்களிலிருந்து ரிப்போர்ட் எடுக்கும் புரோகிராம்களை எழுதிக்கொண்டிருந்தேன். ஊழியர்களைக் கூட்டி வரும் பஸ்களுக்கான பட்டியலும் என் வேலைதான். இரண்டாவது ஷிப்ட் தொடங்கிய வாரம், ஆவடிப் பக்கம் கூடுதலாக ஒரு பஸ் போய், முக்கால்வாசி காலியாகத் திரும்பியது.

"இன்னா மேடம், லிஸ்ட்ல எழுவது பேரு கீது. ஏறுனது நாப்பது பேர்கூட இல்ல. ஒரே பேரை ரெண்டு தபா போட்டுக்கீறாங்க," என்று டிரைவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மேனேஜருக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. விவரங்களைப் பதிவு செய்கிற பெண்தான் இரண்டு முறை அடித்திருக்கிறாள் என்று மெமோ கொடுத்துவிட்டார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவள். மெமோவைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் ஒரு தடவைதான் போட்டேன்."

பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஊழியர் டேபிளில், அதாவது ஊழியர் அட்டவணையில், ஆளுக்கு ஒரே ஒரு வரி. பஸ் நிறுத்தம் இருக்கிற டேபிளில், ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு இரண்டு வரி, ஷிப்டுக்கு ஒன்றாக. இரண்டுமே சரி. நான்தான் அவற்றை ஊழியர் எண்ணை மட்டும் வைத்துப் பொருத்தி இணைத்திருந்தேன்; ஜாயின் என்போம். இங்கே ஒரு வரி, அங்கே அதற்குப் பொருந்துகிற இரண்டு வரி என்றால், சேர்த்தபின் இரண்டு வரிதான் வரும். ஒரே ஷிப்ட் ஓடியவரைக்கும் என் தப்பு வெளியே தெரியவில்லை. அவ்வளவுதான்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"புரோகிராம்ல டிஸ்டிங்ட்னு ஒரு வார்த்தை சேத்தா ரெண்டு ரெண்டா வர்ற வரியெல்லாம் ஒண்ணா ஆயிடும். சேத்துட்டு விடுங்க."

"சேக்கமாட்டேன் சார்."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அது பேரும் நிறுத்தமும் ஒண்ணா இருக்கற வரிகளை ஒண்ணாக்கிடும். சேக்காடு நிறுத்தத்துல ஒரே பேர்ல ரெண்டு பொண்ணுங்க ஏறுறாங்க. ஒருத்திக்கு சீட் இல்லாம போயிடும். ஜாயின்லயே ஷிப்டையும் சேர்த்துப் பொருத்தணும். காலை லிஸ்ட்டுக்குக் காலை வரி மட்டும் வரும்."

"சரி, அப்படியே பண்ணுங்க. யாருக்கும் சொல்ல வேணாம். மெமோ குடுத்தது குடுத்ததுதான்."

"தப்பு நான் எழுதினதுல இருக்கு. அந்த மெமோவை எனக்குக் குடுங்க."

"உங்க பிரமோஷன் பேப்பர் என் மேசை மேல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கைக்குத் திரும்பி, ஜாயினைத் திருத்தி, இரண்டு டேபிளிலிருந்தும் ஒரு ஊழியரின் வரிகளை எடுத்து ஒட்டி, அவை எப்படி இரட்டிக்கின்றன என்று காட்டி, பிழை என்னுடையது என்று எழுதி, அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் மெயில் அனுப்பினேன். அவளுக்கும்.

மறுநாள் மனிதவளத் துறையில் அவளுடைய மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒன்று வந்தது. எழுந்து நின்று படித்தேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடம் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவருக்கு வாழ்த்துச் சொன்னேன். பிறகு, நான் அதுவரை எழுதியிருந்த ஜாயின்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த டேபிளில் ஒரு ஆளுக்கு எத்தனை வரி என்று எண்ண ஆரம்பித்தேன். இன்னும் மூன்று இடத்தில் தப்பு இருந்தது. மூன்றையும் என் பெயர் போட்டே சொன்னேன்.