அப்படியே விற்ற வீடு

ஊசி வென்றவற்றைச் சொல்வதென்றால் கொழுந்தனிலிருந்து தொடங்குவதே நியாயம். ஆளுயரப் பொறாமையைச் சட்டை போட்டு நடமாட விட்டதுபோல் இருந்த அவரை வென்றாள். வாயைத் தவிர வேறு முதல் போடாத வீட்டுத் தரகரை வென்றாள். வெள்ளையடித்த மறுவாரமே திரும்பி வந்த சமையலறை ஈரத்தை, அது இரண்டாம் முறை வந்தபோதும் விடாமல் துரத்தி வென்றாள். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டை, தான் வேலை பார்த்த கடையின் துண்டுத் துணியையும் இரவல் சாமானையும் வைத்து, பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் வீடாக்கினாள். கொழுந்தன் மட்டும் கடைசிவரை செருப்போடுதான் நுழைந்தார். அது அவருடைய வளர்ப்பு.

அவளுக்கு ஊசி என்ற பெயர் தைப்பதனால் வந்ததா, பேசுவதனால் வந்ததா என்று குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை. சோபா, மெத்தை பழுது பார்க்கும் கடையில் உறை தைப்பது அவள் வேலை. கணவர் இறந்தபின் வீடு அவளுக்கு வந்தது. கடை முதலாளிக்கு வயதாகிவிட்டது. கடையையும் மேலே உள்ள அறையையும் கொடுத்துவிட்டு மகனிடம் போகப்போவதாகச் சொன்னார். "நீ வாங்கினா மெஷினெல்லாம் உனக்கு. மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இல்லேன்னா செல்போன் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். வீடு விற்றால் கடை. விற்காவிட்டால், தன் கடையில் தானே வேலைக்குப் போகும் யோகம் அவளுக்கு இல்லை.

கொழுந்தனுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் தினமும் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, இந்த இடிஞ்ச வீட்டை யாரு வாங்குவா? அண்ணன் முகத்துக்காக நானே எடுத்துக்கறேன். பாதி விலைன்னாலும் பரவாயில்லை."

"உங்களுக்கு எதுக்குத் தம்பி அவ்வளவு கஷ்டம்? இடிஞ்ச வீட்டுக்குள்ள தினமும் வந்து உட்காரவே தைரியம் வேணும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். இந்த ஓநாய் அழுதுகொண்டே டீயும் கேட்டது.

தரகர் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வீட்டைப் பார்த்தார். கூடம் இருட்டாக இருக்கிறது என்றார்.

"ஸ்டேஜிங் பண்ணணும்மா. இப்பல்லாம் அப்படித்தான். வீட்டை ஸ்டேஜ் பண்ணாத்தான் விலை."

"மேடையா? எங்க போடணும், கூடத்திலயா? யாரு பேசப் போறது, நீங்களா?"

மேடை இல்லை, அலங்காரம் என்று விளக்கினார். அலங்காரத்துக்கு ஆள் இருக்கிறார்களாம். அவர்கள் கேட்கும் தொகையைச் சொன்னார். அதில் ஊசி கூரையையே மாற்றியிருப்பாள். தரகருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் சொன்னது.

"நான் தினமும் மத்தவங்க வீட்டு சோபாவுக்குத்தான் சட்டை தைக்கிறேன். என் வீட்டுக்குத் தைக்க ஆள் வைக்கணுமா?" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

ஊசியின் அக்கா பிரஷ்ஷும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இருவரும் முதலில் செய்தது சாமானைக் குறைத்ததுதான். கணவர் எதையும் தூக்கிப் போடாதவர். ஓடாத மின்விசிறி, கால் போன நாற்காலி, மூடியில்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். எல்லாம் போனபின் கூடத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது தெரிந்தது. கடையில் மிஞ்சிய வெளிர்நிறத் துணியை ஒட்டுத் தெரியாமல் இணைத்து அதற்குத் திரை தைத்தாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறத்தில் எரிந்த பல்புகளை ஒரே நிறத்துக்கு மாற்றினாள். அக்கா வீட்டு விளக்கு, பக்கத்து வீட்டுக் கண்ணாடி, கடைக்குப் பழுதுக்கு வந்து வேலை முடிந்திருந்த ஒரு சோபா எல்லாம் கூடத்துக்கு இரவல் வந்தன. சோபாவின் சொந்தக்காரர் ஊரில் இல்லை. முதலாளியிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தாள்.

சமையலறை ஈரத்தை மட்டும், மறுபடி வந்த தரகர் அலமாரியால் மறைக்கச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவர் தொழில். ஊசி அலமாரியை நகர்த்தி, பூச்சைச் சுரண்டி, பின்னால் ஒழுகிய குழாயை மாற்ற வைத்தாள். ஈரம் மறுபடி வந்தது; மறுபடி சுரண்டினாள். இம்முறை வரவில்லை. ஆனால் புதுப்பூச்சு ஒரு திட்டாகத் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"அதைப் பார்த்தா ஓடிடுவாங்கம்மா" என்றார் தரகர்.

"ஓடுறவங்க இப்பவே ஓடட்டும். காசு குடுத்துட்டு ஓடினா என்னையில்ல துரத்துவாங்க."

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஒருவர் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சுவர் என்ன சொன்னதோ, தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு குடும்பம் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தது. எல்லோரும் போகும்போது வாசலில் கொழுந்தன் வழியனுப்பினார். "என் அண்ணன் செத்த வீடுங்க இது" என்று ஒவ்வொருவர் காதிலும் போட்டார். அண்ணன் செத்தது ஆஸ்பத்திரியில்.

கடைசியாக ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு அறையையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஊசி அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் திட்டைக் காட்டி, குழாய் மாற்றியதைச் சொன்னாள். டாக்டரின் மனைவி கூடத்தில் சோபாவில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனமில்லை.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அப்படியே எடுத்துக்கறோம்" என்றார்.

"அப்படியே கொடுத்துடறேன்" என்றாள் ஊசி.

வீடு விற்பவர்கள் மத்தியில் 'அப்படியே' என்றால் குறையோடு சேர்த்து, பிறகு அதைச் செய் இதைச் செய் என்று கேட்காமல் என்று பொருள். டாக்டர் மனைவி சொன்ன 'அப்படியே' வேறு. தரகருக்கு இரண்டும் தெரியும். கமிஷன் கிடைக்கும் என்பதால் இரண்டுக்கும் தலையாட்டினார்.

பத்திரம் எழுதுபவரின் அறையில் அது வெடித்தது. அவர் வாசித்து முடித்ததும் டாக்டர் மனைவி கேட்டார்: "சோபா, விளக்கு, கண்ணாடி எதுவும் எழுதலையே?"

"அதெல்லாம் எதுக்கும்மா எழுதணும்?" என்றார் பத்திரக்காரர்.

"அப்படியேன்னு பேசினோமே."

கொழுந்தன் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஊசி இதுவரை எதிலும் கைநாட்டுத்தான் வைத்திருக்கிறாள். கைநாட்டு என்றால், படித்துக் காட்டினோம் என்று கணவர் வழி உறவினர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றிருந்தார் பத்திரக்காரர். அக்கா கணவர் வழி இல்லை என்பதால் அவளை ஏற்கவில்லை. வேறு வழியில்லாமல் கூப்பிட்ட ஆள் இவர். இலவு காத்த கிளிக்கு முதல்முறையாகக் காய் பழுத்தது போலிருந்தது.

"பாத்தீங்களா? இரவல் சாமானைக் காட்டி ஏமாத்தியிருக்காங்க. இந்த மோசடிக்கு நான் சாட்சி சொல்ல முடியாது" என்று எழுந்தார். பிறகு ஊசியிடம் குனிந்து, "அண்ணி, என் விலைக்கு எழுதிக் குடுங்க. இப்பவே சாட்சியும் சொல்றேன், பத்திரமும் வாங்கிக்கறேன்" என்றார்.

தரகர் ஜன்னல் வழியே தெருவை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி டாக்டர் மனைவியிடம் திரும்பினாள். "சோபா என்னோடது இல்லைங்க. கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. விளக்கு எங்க அக்காவோடது. கண்ணாடி பக்கத்து வீட்டுது. திரை என்னோடது, நான் தைச்சது. அதை விட்டுட்டுப் போறேன். அப்படியேன்னதும் சுவர்ல இருக்கிற திட்டைச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"நாங்க அந்த சோபாவைப் பார்த்துத்தானே..."

"சோபாவைப் பார்த்து யாராவது வீடு வாங்குவாங்களா?" என்றார் டாக்டர், மனைவியிடம். அவர் மனைவி பார்த்த பார்வையில் அதற்குப் பதில் இருந்தது.

"பழைய சோபா ஏதாவது இருந்தா கொண்டாங்க. அதே மாதிரி தைச்சுத் தரேன். துணிக்கு மட்டும் குடுங்க. ஆனா கடை எனக்கு வந்தாத்தான் தைக்க முடியும். அது உங்க கையிலதான் இருக்கு" என்றாள் ஊசி.

டாக்டர் மனைவி யோசித்தார். "எங்க அம்மா வீட்டுல ஒண்ணு இருக்கு. ஸ்பிரிங் குத்தும்."

"குத்தாம பண்ணிடலாம்."

"சரி. எழுதுங்க" என்றார் அவர்.

பத்திரக்காரர் மைப்பெட்டியைத் தள்ளினார். கொழுந்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சாட்சி வேண்டுமே.

"கையெழுத்துன்னா இந்தச் சாட்சி வேணுமா?" என்று கேட்டாள் ஊசி.

"கையெழுத்துன்னா இவர் தேவையில்லை, வழக்கமான சாட்சிக்கு எங்க ஆளுங்க இருக்காங்க. நீங்க படிச்சுட்டுப் போட்டா போதும்."

கடையில் தைக்கும் ஒவ்வொரு உறையின் உட்பக்கமும் யாருடையது என்று சாக்பீஸால் பெயர் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காதவள், முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துப் பார்த்தே ஊரார் பெயரையெல்லாம் எழுதப் பழகியிருந்தாள். தன் பெயரை எந்த உறையிலும் எழுத வேண்டி வரவில்லை. அவளுக்கென்று எந்த சோபாவும் இருந்ததில்லை.

பத்திரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நேரமாயிற்று. கொழுந்தன் இரண்டு முறை கொட்டாவி விட்டார். அவள் அவசரப்படவில்லை. முடித்ததும் மைப்பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினாள். தையல் கோடு போடுவதுபோல், கையை மேசையில் ஊன்றித் தன் பெயரை எழுதினாள். இரண்டாம் எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதன் கீழே பத்திரக்காரர் தேதி போட்டார்: பிப்ரவரி 17, 2009, செவ்வாய்க்கிழமை.