அக்காவுக்கு எடுத்து வைத்த லட்டு

திருப்பதிக்காரன் எங்கே போனாலும் ஒரு கேள்வி அவனுக்கு முன்னால் போய் நிற்கும்: "லட்டு எங்கே?" இத்தனைக்கும் நான் கோயில் படி ஏறாதவன். சித்தூரில் பழைய மிஷன் சபை ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் பாட்டுப் புத்தகத்தை வைத்துத் தமிழ் எழுத்துக் கற்றவன். மற்றப் படிப்பெல்லாம் தெலுங்கு. மின்சாரத் துறை வேலைக்காகத் திருப்பதியில் குடியேறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலூரிலிருந்து வரும் என் சொந்தக்காரர்கள், அத்தனை பேரும் சபையார், என் வீட்டில் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பக்கத்து வூட்ல ரெண்டு லட்டு கேட்டாங்க" என்பார்கள். பக்கத்து வீடாம்! நானும் யாரிடமாவது சொல்லி வாங்கித் தந்துவிடுவேன். ஆனால் ஒரு துணுக்குக்கூட என் வாயில் போட்டதில்லை. படைத்ததைத் தின்னக் கூடாது என்று அம்மா சிறு வயதில் போட்ட கட்டு அது. அறுபதை நெருங்கியும் அவிழவில்லை.

லட்டில் எங்கள் ஊருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு லட்டு தெருவுக்குள் வந்தால் அது ஒரு வீட்டோடு நிற்காது. பட்டாணி அளவாவது பிட்டுப் பத்து வீட்டுக்கும் போகும். முழு லட்டைத் தனியாக விழுங்குகிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிப்பதில்லை.

இலங்கைக்கு நாங்கள் போனது மூன்று பேர். ஐ.டி.ஐ. படித்த காலத்தில் திருப்பதியில் ஒரே விடுதி அறையில் கிடந்தவர்கள். ஒருவன் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடியானவன், மாந்தோப்பு வைத்திருக்கிறான். பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். மற்றவன் திருப்பதியில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருப்பவன். பயணம் அவனுக்காகத்தான்.

அவன் பிறந்தது இலங்கையின் மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகள். அவனுக்கு ஏழு வயதானபோது, தோட்டத்துத் தமிழரை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, அவன் அப்பா அம்மாவுக்கு இந்தியப் பிரஜை என்று காகிதம் வந்தது. பத்தொன்பது வயது அக்கா அப்போதுதான் கல்யாணமாகியிருந்தாள். புருஷன் பெயர் இலங்கைப் பட்டியலில் இருந்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இவர்கள் ரயிலேறி, கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நாயுடுபேட்டைக்கு அப்பால் ஒரு நூற்பாலையில் வந்து விழுந்தார்கள். சில வருடம் கடிதம் வந்தது. அங்கே கலவரம் வந்த வருடத்தோடு அதுவும் நின்றது. இவர்கள் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. அப்பா போனார், அம்மா போனாள், அக்கா இருக்கிறாளா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை.

"போன்ல தேடலாம்டா, இப்போ எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை" என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"போன்ல எவனோ 'அவங்க செத்துட்டாங்க'ன்னு சொல்றதக் கேக்கச் சொல்றியா? போனா நேரா போய்க் கேக்கறேன். வழியில நீங்களும் யாரையும் விசாரிக்கக் கூடாது. நான்தான் கேப்பேன்" என்றான். இதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டினான். பயந்தவனுக்கு ஒரு சாக்கு போதும்.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். எனக்குப் பிறகுதான் தெரியவந்தது, ஆனால் வாசிக்கிறவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். ரயிலேறிய அன்று ஸ்டேஷனில் அக்கா அழுதுகொண்டே இவன் கன்னத்தைப் பிடித்து, "காயிதத்துல திருப்பதிப் பக்கம்னு போட்டிருக்காமே, நல்ல எடம்தான். திரும்பி வாறப்ப எனக்கு லட்டு கொண்டு வரணும், சரியா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் தலையாட்டியிருக்கிறான்.

சென்னையில் விமானம் ஏறுவதற்கு முன் மாந்தோப்புக்காரன் பை நிறைய லட்டு கொண்டு வந்தான். மோட்டார்க்காரன் அதில் ஒன்றை எடுத்துச் சிறிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி என் பையில் வைத்தான்.

"உன் பையிலே இருக்கட்டும். நீதான் துன்ன மாட்டே. இவன்கிட்ட குடுத்தா கொழும்பு வர்றதுக்குள்ள டப்பாவையே துன்னுடுவான்."

யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

அந்தத் தீவில் கழிந்த பத்து நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் இளைப்பாறுகிறது. கொழும்பு விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி சிங்களவர். "திருப்பதி?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். முதல் லட்டு அங்கே போனது. மாந்தோப்புக்காரன் சிங்களப் பெயர்ப்பலகை ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, "எழுத்தெல்லாம் நம்ம தெலுகு மாதிரி உருண்டையாத்தான் கீது, ஆனா ஒண்ணும் ஓடல ரா" என்று கவலைப்பட்டான். கீழே இருந்த தமிழை நான் வாசித்துச் சொன்னேன். இந்தியாவில் பாதி வாழ்க்கை தெலுங்குப் பலகை பார்த்து வாழ்ந்தவனுக்கு, ஒரு வெளிநாட்டில் பஸ் நிலையத்திலும் தபால் ஆபீசிலும் தமிழ் எழுதியிருப்பதைப் பார்க்க ஏதோ பொறாமையாக இருந்தது.

நேரே மலைக்குப் போக வேண்டிய மோட்டார்க்காரன் எங்களைத் தெற்கே கடற்கரைக்கு இழுத்துப் போனான். பிறகு யானைகள் குளிப்பதைப் பார்க்கலாம் என்றான். பிறகு கண்டி. ஒவ்வொரு இடத்திலும், "இன்னும் ஒரு நாள் இருக்கலாம்டா" என்றான். மாந்தோப்புக்காரனுக்கு ஒரே கொண்டாட்டம். கடலில் இடுப்பளவு நின்று இளநீர் குடித்தான். செவ்விளநீருக்கு அங்கே தம்பிலி என்று பேர். நகரிக்குத் திரும்பி வந்து இன்றுவரை அவன் தோப்பில் இளநீர் வெட்டுகிறவனிடம் "தம்பிலி" என்றுதான் கேட்கிறான். நான் மட்டும் மோட்டார்க்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டில் கை வைத்தபடி எங்கேயோ பார்ப்பான். கண்டியில் ஏரிக்கரையில் நடக்கும்போது, "இப்போ அவளுக்கு அறுபத்தி ஒம்போது இருக்கும்" என்றான், யாரும் கேட்காமலே. "நாளைக்குப் போறோம். இதுக்கு மேல சாக்குச் சொன்னா உன்னை இங்கயே வுட்டுட்டுப் போய்டுவேன்" என்று கத்திவிட்டேன். எனக்குப் பாசம் வந்தால் கோபமாகத்தான் வரும். என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

அதற்குள் நாங்கள் தங்கிய வாடகை வீட்டம்மாவுக்கு, வேன் ஓட்டியவருக்கு, ரயிலில் எங்களுக்கு வடை பிட்டுக் கொடுத்த குடும்பத்துக்கு என்று, டப்பாவில் இருந்ததைத் தவிர, லட்டுகள் எல்லாம் தீர்ந்திருந்தன. திருப்பதி என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பது எங்கள் மூவருக்கும் ரத்தத்தில் ஊறியது.

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கித் தோட்டத்துக்குப் போகும் பஸ் பிடித்தோம். மோட்டார்க்காரன் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தான். மாந்தோப்புக்காரன் பின்சீட்டில் குறட்டை. மலைப்பாதையின் வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. ஜன்னலோரம் இருந்த ஒரு நடுவயதுப் பெண், கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, "தோடம்பழம் சாப்பிடுங்க ஐயா, தலைசுத்து நிக்கும்" என்று சுளை சுளையாகக் கையில் வைத்தாள். தலைசுற்றல் நின்றது.

"எங்க இருந்து வாறீங்க?"

"திருப்பதிம்மா. மூணு பேர். சும்மா சுத்திப் பாக்க வந்தோம்." விசாரிக்கக் கூடாது என்ற உத்தரவு ஞாபகம் இருந்தது.

"திருப்பதியா!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்தப் பொறப்புல அங்க வாறதுக்கு எனக்கு எங்க குடுத்து வச்சிருக்கு?"

நான் பையைத் துழாவினேன். கையில் அந்த டப்பா தட்டுப்பட்டது. யோசித்தேனா? இல்லை. ஒருத்தி தன் இடத்தையும் தன் பழத்தையும் கொடுத்திருக்கிறாள், நான் ஒரு லட்டுக்குக் கணக்குப் பார்க்கவா? டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டாள். "லயத்துல எல்லாருக்கும் குடுக்குறேன் ஐயா" என்றாள். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கோயில் அருகே இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறிப்போனாள். அவள் சேலையின் நீலம் தெரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்லவனாக என்னை நான் அதற்கு முன் உணர்ந்ததே இல்லை.

பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடையும் தோட்டத்து ஃபேக்டரியும் இருந்தன. லயத்துக்கு இன்னும் அரை மணி நடக்க வேண்டும் என்றார்கள். மோட்டார்க்காரன் குழாயடியில் முகம் கழுவி, சட்டை மாற்றி, இருக்கிற நாலு முடியைச் சீவிக்கொண்டு வந்தான்.

"டப்பாவைக் குடு."

கொடுத்தேன். திறந்தான். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை மட்டும் இருந்தது.

"இன்னாடா இது?"

"பஸ்ல ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தேன். கொடுத்துவிட்டேன் என்று சொல்லி முடித்தேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ரோட்டோரப் பாலக் கட்டையில் போய் உட்கார்ந்தான். அப்போதுதான் அந்த ஸ்டேஷன் கதையைச் சொன்னான். "அம்பது வருசத்துல ஒண்ணே ஒண்ணு கேட்டவ. அதையும் வுட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது? நான் வரல. திரும்பிப் போலாம்."

மாந்தோப்புக்காரன் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். "ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னானாம்! நான் துன்னுடுவேன்னு உன் பையில வச்சான் பாரு, நானா இருந்தா பாதியாவது மிச்சம் வச்சிருப்பேன் ரா."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தக் கட்டையில் மூன்று கிழவர்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். எதிரே மலை முழுக்கத் தேயிலை. மேகம் வந்து மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. கடைசியில் நான்தான் அவன் கையைப் பிடித்தேன். "லட்டு இல்லாததால நீ வரலன்னு இல்ல. அவ இல்லன்னு சொல்லிடுவாங்கன்னுதான் பயப்படறே. கடற்கரையிலயும் அதான், கண்டியிலயும் அதான். இப்போ உனக்கு நானே ஒரு சாக்கு செஞ்சி குடுத்துட்டேன். என் தப்பு. அவகிட்ட நான் சொல்லிக்கறேன். எழுந்திரு."

என் கையைப் பிடித்தபடியே எழுந்தான்.

பாதை இரண்டு முறை வளைந்து ஏறியது. மூன்றாவது வளைவில், தூரத்தில் லயத்தின் தகரக் கூரைகள் தெரிந்த இடத்தில், ஒரு கல்லின் மேல் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத புதுச்சேலை, வாரி முடிந்த ஈரத் தலை, காலில் ரப்பர் செருப்பு. எங்களைப் பார்த்ததும் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னைத் தாண்டினாள், மாந்தோப்புக்காரனைத் தாண்டினாள், இவன் முன்னால் வந்து நின்றாள்.

"இவ்வளவு நேரமா பஸ்ஸ விட்டு எறங்கி வாறதுக்கு?" என்றாள். "திருப்பதியில இருந்து மூணு பேரு வந்திருக்காங்க, லட்டு குடுத்தாங்கன்னு பஸ்ல வந்தவ லயம் பூரா பிட்டுக் குடுத்தா. மத்தவங்களுக்கு அது சாமி பிரசாதம். எனக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்துக்குத் திருப்பதியில இருந்து வாறதுக்கு ஒருத்தன்தானே இருக்கான்."

அவன் வாய் கோணிக்கொண்டு போனது. "அக்கா, நான் கொண்டாந்தேன்க்கா... ஒனக்குன்னுதான் தனியா வச்சிருந்தேன்... இவன்..." என்று என்னைக் காட்டிச் சின்னப் பையனைப் போல் கோள் சொன்னான்.

"அழாத. அதான் ஒனக்கு முன்னாலயே வந்து சேந்துருச்சே."

கையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே சுண்டைக்காய் அளவு லட்டு. "கொஞ்சம் தின்னுட்டேன், ஆச தாங்கல. மிச்சம் ஒனக்கு" என்று அவன் வாயில் ஊட்டினாள். காகிதத்தில் உதிர்ந்த தூளை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவர் பக்கமும் நீட்டினாள். மாந்தோப்புக்காரன் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டான். நான் ஒரு கணம் நின்றேன். அம்மா ஞாபகம் வந்தது. பிறகு கையை நீட்டி வாங்கித் தின்றேன்.