கூண்டக்கா இறக்கிவிட்ட பெருச்சாளிகள்

எங்கள் தெருவில் அவரை யாரும் தையற்காரி என்று சொன்னதில்லை. பதினெட்டு வருடமாகத் தைத்துத்தான் பிழைப்பு. ஆனாலும் பெயர் கூண்டக்கா. முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டுமேஜை, அதன் அடியில் பள்ளிச் சீருடைத் துணிக் கட்டுகள். ஒரு மழைக்காலத்தில் பெருச்சாளிகள் சாக்கடை வழியாக உள்ளே புகுந்து நாற்பது சட்டைக்கான துணியைக் கந்தலாக்கிவிட்டன. கணவர் ஒட்டும் அட்டை வாங்கி வந்து வைத்தார். காலையில் அதில் ஒட்டிக்கொண்டு, உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்த குட்டியைப் பார்த்த அக்காவுக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. மறுநாளே வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு கம்பிக் கூண்டு செய்துகொண்டார்.

மாட்டியதை வாய்க்கால் பாலத்துக்கு அப்பால், பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கொண்டுபோய்த் திறந்துவிடுவார். கணவர் ஸ்கூட்டர் ஓட்ட, அக்கா சாக்கு போர்த்திய கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார்.

“மனுஷங்களுக்கு வீட்டு புரோக்கர் ஆயிரம் பேர் இருக்கான். பெருச்சாளிக்கு நீ ஒருத்திதான்” என்று கிண்டலடிப்பார் அவர்.

விஷயம் தெருவில் பரவியது. ஒரு கூண்டு நான்காயிற்று. நானே ஏழெட்டு தடவை இரவல் வாங்கியிருக்கிறேன். மாட்டியதும் கூண்டோடு அக்கா வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். எங்கே விடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் கண்ணில் படாமல் தொலைந்தால் சரி.

அக்காவிடம் காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. இரண்டு வயதில் ஒரு மகள். வாடகை கட்டுப்படியாகாமல் போன மாதம்தான் வீடு மாறியிருந்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவள் ஒரு நாள் பதினொன்றுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, குழந்தையின் கால் பெருவிரலில் கட்டு.

“என்னடி ஆச்சு?”

“பெருச்சாளி கடிச்சிடுச்சுக்கா. பாயில என் பக்கத்துலதான் படுத்திருந்தா. அவ அலறின பிறகுதான் எனக்கு முழிப்பே வந்துச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு நேரா வரேன்.”

“எங்க குடி போயிருக்க நீ?”

“பாலம் தாண்டி, சூளைக்குப் பின்னாடி. வரிசையா தகர வீடு போட்டிருக்காங்கல்ல, அங்கதான். எங்கேருந்துதான் வந்து சேர்ந்துச்சுங்களோ, நம்மளைப் பார்த்தா நகரக்கூட மாட்டேங்குது. கடிச்சதுக்கு பாதி வால்தான் இருக்கு.”

அக்காவின் கத்திரிக்கோல் துணியின் நடுவில் நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்து, குழந்தையைப் பெருச்சாளி கடித்ததையும் தான் கொண்டுபோய் விடும் இடம் அதுதான் என்பதையும் சொன்னார்.

“உன் சமையல்கட்டுல மாட்டுச்சே, கூண்டுக் கதவுல பாதி வால் அறுந்துச்சே, அதுதான்.”

“அங்க வீடு வரும்னு நாம என்ன கனவா கண்டோம் அக்கா?” என்றேன்.

“கனவு எதுக்கு? நான் போனப்பவே தகரம் அடிச்சிட்டு இருந்தாங்க. என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும் திறந்துவிட்டேன்.”

மறுநாள் நான்கு கூண்டுகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். ‘உதவி செய்ய வந்திருக்கிறார்’ என்று காஜாப் பெண் நினைத்துக்கொண்டாள். ஐந்து நாள் ஆகியும் ஒன்றும் மாட்டவில்லை. ஒருமுறை கூண்டுக்குள் கிடந்து வந்த பிராணி, அடுத்த தடவை கம்பியைப் பார்த்தாலே ஒதுங்கிப் போய்விடும். அக்காவே பழக்கிவிட்ட பயம் அது.

கூண்டுகளைக் கொதிநீரில் கழுவினார். கைவாடை தெரியாதிருக்க மண்ணில் புரட்டினார். பெருச்சாளி ஓடும் தடம் பார்த்து, சுவரை ஒட்டி வைத்து, கதவு விழாதபடி கம்பியால் கட்டித் திறந்தே போட்டார். முதலில் வறுத்த கடலை கூண்டுக்கு வெளியே, சில நாள் கழித்து வாயருகே, பிறகு உள்ளே. பயம் தெளிந்து உள்ளே போய்த் தின்றுவிட்டு வரப் பழகிய பின்புதான் கட்டை அவிழ்த்தார். மறுநாள் காலையில் நான்கு கூண்டும் நிறைந்திருந்தன. அரைவால் அவற்றில் இல்லை. அது கடைசிவரை மாட்டவே இல்லை.

இனி எங்கே கொண்டுபோய் விடுவது? குப்பை வண்டிக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

“விடுறதாம்ல! அடுத்து யார் வீட்டு வாசல்ல விடப்போறீங்க? தண்ணி பீப்பாயில முக்குங்கம்மா.”

“நீ வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கறேன்” என்றார் கணவர்.

“கொண்டாந்து விட்டது நான்தானே” என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு தானே செய்தார். நான்காவது கூண்டை வெளியே தூக்கும்போது பிடி நழுவி, கூண்டு காலில் விழுந்தது. காஜாப் பெண் ஓடிவந்து பிடித்தாள்.

“உங்களுக்கு எதுக்குக்கா இந்தப் பாவமெல்லாம்?”

“இதுங்களை இங்க விட்டதே நான்தான்டி. அஞ்சு வருஷமா விட்டிருக்கேன். உன் பொண்ணைக் கடிச்சதையும்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அவள் முதலில் சிரித்தாளாம். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது.

“வீடு கட்டுறது தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான்.”

“அப்போ இங்க இருக்கிறவங்க உங்களுக்கு மனுஷங்களாவே தெரியலையாக்கா?”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. ரெடிமேட் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

அக்கா அங்கே போவதை நிறுத்தவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் மிஷின் சும்மா கிடக்கும். வளைகளில் கண்ணாடிச் சில்லும் சிமென்ட்டும் வைத்து அடைத்தார், சாக்கடை வாய்களில் கம்பி வலை கட்டினார். பெருச்சாளிகள் குறைந்தன, ஒழிந்தன என்று சொல்ல முடியாது. எங்கள் தெருக்காரர்கள் கூண்டு கேட்டால், “எடுத்துட்டுப் போங்க. மாட்டினதை நீங்களே பார்த்துக்கணும்” என்கிறார். பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் திரும்பினேன்.

போன வாரம் சிமென்ட் குழைக்கத் தண்ணீர் போதாமல் அக்கா காலி வாளியோடு நின்றிருக்கிறார். காஜாப் பெண்ணின் தகரக் கதவு திறந்து, ஒரு குடம் தண்ணீர் வெளியே வந்தது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அக்கா வளையை அடைத்து முடித்து, குடத்தைக் கழுவிக் கதவோரம் கவிழ்த்துவிட்டு வந்தாராம்.

“கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே அக்கா?” என்றேன்.

“என்னன்னு பேசுறது?” என்றார், ஊசியில் நூல் கோத்தபடி.