மணி கடித்த கள்ளி

என் மாமா தன் நாய்க்கு மணி என்று பெயர் வைத்திருந்தார். சன்னிவேலில் அவர் வீட்டருகே உள்ள பூங்காவில் "மணி! மணி!" என்று கூவிக்கொண்டு அதன் பின்னால் ஓடினால், அமெரிக்கர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். தடுக்கி விழுந்தவனெல்லாம் கம்பெனி தொடங்கிய காலம் அது. இவன் பணத்தை இவ்வளவு பகிரங்கமாகவா துரத்துவான் என்று நினைத்திருப்பார்கள். மாமா என் அம்மாவின் தம்பி. வேலைக்கு வந்த இடத்தில் தனியாக இருக்க முடியாமல், காப்பகத்திலிருந்து அந்த நாயை எடுத்து வளர்த்தார்.

அம்மாவுக்கு மணியைக் கண்டால் ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சன்னிவேலுக்குப் பக்கத்திலேயே டப்ளின் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாமா வந்தால், மணியை கராஜில்தான் கட்ட வேண்டும். அம்மா அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது, வசந்த கால விடுமுறையில் பாலைவனத்துக்குப் போய் நடந்துவிட்டு வரலாம் என்று மாமா யோசனை சொன்னார். அப்பாவுக்கு அது விளங்கவில்லை.

"ஏன் மாப்ளே, நம்மூர்ல பாக்காத பொட்டக்காடா? அதைப் பாக்கறதுக்கு எட்டு மணி நேரம் டிரைவ் பண்ணோணுமா?"

"இது வேற மாதிரி காடுங்க மச்சான். வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

எதிர்பாராமல் அம்மா சரி என்றாள். நாய் வேனின் கடைசியில், பழைய படுக்கை விரிப்பின்மேல்தான் இருக்க வேண்டும். எலுமிச்சம்பழச் சாதம் இருக்கும் கூடைப் பக்கம் தலையை நீட்டக் கூடாது. இவை அவளுடைய நிபந்தனைகள். மணி முதலாவதைக் கடைப்பிடித்தது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஓட்டி, மாலையில் ஒரு மோட்டலை அடைந்தோம். மறுநாள் காலை அந்தப் பாலைவனத் தேசியப் பூங்காவின் வாசலுக்குப் போனால், நடைபாதைகளில் நாய்களுக்கு அனுமதியில்லை என்று பலகை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா பலகையை இரண்டு முறை படித்தார், இரண்டாவது முறை வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. கடைசியில் பெட்ரோல் பங்கில் இருந்தவரிடம் விசாரித்து, பூங்காவுக்கு வெளியே, மண் சாலை முடியும் இடத்தில் வேனை நிறுத்தினோம். அங்கே நாயோடு நடக்கலாமாம்.

அம்மா சுடிதாரும் ஓட்டப்பந்தய ஷூவும் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. வெறும் மணலும் பாறையும்தான் என்று எண்ணியிருந்த இடத்தில் மஞ்சள் பூக்கள் தரையோடு தரையாகப் பூத்திருந்தன. ஒரு வகைக் கள்ளி, வெயிலில் பஞ்சு சுற்றியதுபோல மின்னியது. தொட ஆசையாக இருந்தது. "தொட்டுடாதே கண்ணு, அது மேல ஒட்டிக்கும்" என்றார் மாமா. மணிக்கு அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

ஏதோ ஓணானைத் துரத்தி ஓடிய மணி, திடீரென்று நின்று காலை உதறியது. முன்னங்காலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முள்ளுருண்டை ஒட்டியிருந்தது. மாமா போய்ச் சேர்வதற்குள் அது வாயால் கடித்து இழுத்துவிட்டது. காலில் இருந்தது வாய்க்குப் போயிற்று. அண்ணத்திலும் நாக்கிலும் முட்கள் குத்தி, வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், ரத்தமும் எச்சிலும் வழிய மணி மண்ணில் புரண்டது. ஒரு நாய் அப்படிக் கத்தும் என்பது எனக்குத் தெரியாது. மாமா வாய்க்குள் கையை விட, அது அவரையே கடித்தது. அப்பா பின்னாலிருந்து அதன் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்து அமுக்கினார்.

"கழுத்தை விடு!" என்று அம்மா கத்தினாள். "மூச்சு முட்டும். விடு!"

அப்பா விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவிடம் 'ஏனுங்க', 'வாங்க' என்றுதான் பேசுவாள். 'விடு' என்று அன்றுதான் கேட்டேன். நாயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேன்ல இருந்து அந்த பெட்ஷீட்டைக் கொண்டா. டூல்பாக்ஸ்ல கட்டிங் பிளையர் இருக்கும், அதையும்." மாமா ஓடினார். அம்மா தன் துப்பட்டாவைப் பல்லால் கடித்து, நீளவாக்கில் இரண்டு பட்டையாகக் கிழித்தாள். கைப்பையிலிருந்து, புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை எடுத்தாள். என் கையில் அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, "வெயிலைப் புடிச்சு அது வாய்க்குள்ள அடி. கை ஆடக் கூடாது" என்றாள்.

மணியைக் குழந்தைபோல விரிப்பில் சுற்றி, மாமா முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். அம்மா ஒரு பட்டையை மேல் கோரைப் பற்களுக்குப் பின்னாலும் இன்னொன்றைக் கீழ்ப் பற்களுக்குப் பின்னாலும் சுருக்குப் போட்டு, இரண்டையும் அப்பா கையில் கொடுத்தாள். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே அவர் இழுக்க, மணியின் வாய் பெட்டிபோலத் திறந்தது. நான் வெயிலை உள்ளே அடித்தேன். அம்மா உருண்டையை பிளையரால் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். பிறகு இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். "அவ்வளவுதான்டா... ஆச்சுடா தங்கம்... இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று, காய்ச்சலில் என்னிடம் பேசும் குரலில் அதனோடு பேசிக்கொண்டே இருந்தாள். அந்த ஒண்ணே ஒண்ணு நாற்பதுக்குக் குறையாமல் வந்திருக்கும்.

முடிந்ததும் அவள் மணியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி நிறம் பார்த்தாள். மாமா அழுதுகொண்டிருந்தார்.

"நாக்குக்கு அடியில ரெண்டு மூணு ஒடஞ்சு நிக்குது. மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கோணும்" என்றாள் அம்மா.

பக்கத்து ஊரில் ஒரு கால்நடை மருத்துவமனை திறந்திருந்தது. அங்கிருந்த நரைமுடி டாக்டரம்மா மணியின் வாயைப் பார்த்தார். துப்பட்டாப் பட்டைகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"மை வைஃப். ஷி இஸ் எ வெட்னரி டாக்டர்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா ஊரில் ஏதோ படித்தவள் என்று தெரியும். என்ன படித்தாள் என்று கேட்டதில்லை. அவளை மாட்டிவிடும்படி அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்து, உதவி செய்யும் எண்ணத்தோடு நானே டாக்டரம்மாவிடம் சொன்னேன்: "நோ, ஷி ஜஸ்ட் ஸ்டேஸ் ஹோம்."

யாரும் என்னைத் திட்டவில்லை. டாக்டரம்மா அம்மாவிடம் ஏதேதோ கேட்டார். பரீட்சைகள், லைசென்ஸ், எத்தனை வருடம் என்றெல்லாம் காதில் விழுந்தது. தன் விசாவில் வேலை பார்க்க முடியாது என்று அம்மா ஒரு வரி சொன்னாள். பிறகு மணிக்கு ஊசி போட்டபோது அதன் காலைப் பிடித்துக்கொள்ள அவளை உள்ளே கூப்பிட்டார்கள். எல்லாம் முடிந்து, அங்கிருந்த தொட்டியில் அம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சுத்தமான பின்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெளியே, வேன் பக்கத்தில், அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்: "கிரீன் கார்டு வந்ததும் அந்தப் பரீட்சையை எழுதேன். நான் விசாரிச்சுப் பாக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "இவளை வச்சுக்கிட்டு மறுபடியும் முதல்ல இருந்தா?" என்றாள். அப்பா பதில் சொல்வதற்குள், "போலாமுங்க, பசிக்குது" என்றாள்.

எனக்குக் கேட்டது அந்தக் கடைசி வார்த்தைதான். பாலைவனம் முழுக்க எலுமிச்சம்பழச் சாதம்தான் என்று நொந்துபோயிருந்த எனக்கு, பர்கர் கடைக்குப் போவது பெரிய கொண்டாட்டம். நான்கு பேருக்கும் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்தார் மாமா. அம்மா பின் ஸீட்டில் மயக்கம் தெளியாத மணியின் முதுகில் கை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறது என்று சொன்னவள் அவள்தான் என்பது என் நினைவிலேயே இல்லை. அவளுடைய பொட்டலத்தையும் நானே பிரித்து, ஒன்று விடாமல் தின்று தீர்த்தேன்.