சேந்தமங்கலத்தில் ஓர் இரவல் கோல்கீப்பர்

இது உலகக் கோப்பை ஆண்டு. ஒரு மாதம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் தூக்கம் போதாத கண்களோடுதான் வந்தார்கள். நானும் விடியற்காலை ஆட்டங்களைப் பார்த்தேன். ஆனால் ஆண்டின் தொடக்கத்திலேயே வேறொரு திட்டமும் வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை, திருச்சியிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய ஏதாவது ஓர் ஊரில், மைதானத்து ஓரமாக நின்று ஒரு கால்பந்து ஆட்டம் பார்ப்பது. எனக்கு ஆடத் தெரியாது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, வயது நாற்பத்தெட்டு, முழங்காலில் வலி. பார்ப்பது மட்டும் அலுக்கவில்லை.

இந்த வலைப்பக்கத்தில் போன பதிவின் கீழே வாழப்பாடிப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் தேவகி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். சேந்தமங்கலத்தில் ஆடி மாதக் கடைசி ஞாயிறன்று பெண்களுக்கான எழுவர் போட்டி, நான்கு அணிகள், ஒரே நாளில் முடிந்துவிடும், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று. தொலைபேசியில் பேசினோம். “டிவியில வராத ஆட்டம் மேடம். நேர்ல வந்தாத்தான் உண்டு” என்றார். மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து நேராகச் சேந்தமங்கலம் போக நாமக்கல்லில் இறங்கினால் போதும். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நான் அணியோடு சேர்ந்து போக ஆசைப்பட்டதால் நாமக்கல்லைத் தாண்டிச் சேலம் வரை சனிக்கிழமையே போனேன். தேவகி ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறார். சந்திப்பு நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை கிடைத்தது. சுத்தமாக இருந்தது, கொசுவும் இருந்தது. சாயங்காலம், இரண்டு தட்டைகளுக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தருகிற தட்டுவடை செட் சாப்பிட்டேன். சேலத்துக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தேவகியும் நானும் ஆட்டோவில் சீலநாயக்கன்பட்டி பைபாஸுக்குப் போனோம். தேவகியின் பையிலிருந்த பந்துகளை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

“ஸ்கூல் பசங்களுக்கா மேடம்?”

“இல்லைங்க, லேடீஸ் டீம்.”

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். “எம் பொண்ணு எட்டாவது படிக்கிறா. நல்லா ஓடுவா” என்றார். இறங்கும்போது தேவகியின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

வாழப்பாடியிலிருந்து வந்த வாடகை வேனில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். இருவர் கல்லூரி மாணவிகள். மற்றவர்கள் பாக்கு உரிக்கப் போகிறவர்கள், ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவர்கள். கோல்கீப்பர் ரேவதி பாக்கு உரிப்பவர். விரல்கள் கறையேறிக் கருத்திருந்தன. மல்லூர், ஆண்டகளூர் கேட், ராசிபுரம், பேளுக்குறிச்சி என்று போன வழியெல்லாம் உலகக் கோப்பைப் பேச்சுதான். ராசிபுரம் தாண்டியதும் இடப்பக்கம் கொல்லிமலை தெரிய ஆரம்பிக்கிறது. வேனில் போகிறவர்கள் இடப்பக்க சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துடையது. புல் இல்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். ஆடிக் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு போனது.

டீ வாங்கப் போன இடத்தில்தான் மலரைப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சேந்தமங்கலம் அணியின் சட்டை போட்டிருந்தாள். நூல் மில்லில் வேலை என்றாள். கோல்கீப்பராம். ஆனால் மாற்று ஆள்.

“இந்த வருசம் ஒரு மேட்ச்சுங்கூட நிக்கலீங்க்கா. எங்க அக்காதான் கேப்டன். அவளுக்கு உசரமா இருக்கற புள்ளதான் கோல்ல நிக்கோணும்.”

உலகக் கோப்பை பார்த்தாயா என்று கேட்டேன். ஷிப்டு முடிந்து மில் பேருந்தில் வரும்போது போனில் பார்த்தாளாம். “கோல் விழுந்தா போட்டவனத்தானுங்க காட்டறாங்க. நான் கீப்பர் மூஞ்சியத் தேடுவேன். அதுக்குள்ள மாத்திருவாங்க” என்றாள்.

அவள் அக்கா சுதா தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. குட்டையான, வேகமான பெண். அந்த அணியையே அவர்தான் உருவாக்கினாராம். மில்லுக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிற பெண்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு, பெற்றவர்களைச் சமாதானப்படுத்திக் கூட்டி வந்தவர். இதைச் சொன்னதும் மலர்தான், பெருமையோடுதான் சொன்னாள்.

காலையில் இரண்டு அரையிறுதிகள். சேந்தமங்கலம் சுலபமாக வென்றது. வாழப்பாடியும் ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது, ஆனால் கடைசி நிமிடங்களில் பந்தைப் பிடிக்க விழுந்த ரேவதியின் கைமேல் எதிரணிப் பெண்ணின் கால் பட்டுவிட்டது. வேண்டுமென்றே செய்ததல்ல. விரல் வளைந்து நின்றது. போட்டி நடத்துகிறவர்கள் ரேவதியை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள்.

ஒரு மணி நேரத்தில் கட்டோடு திரும்பி வந்தார். வலியைவிட வேலைதான் அவர் மனதில் இருந்தது. “சீசன் நேரத்துல இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்பிடிக்கா பாக்கு உரிப்பேன்” என்று தேவகியைக் கேட்டார். பக்கத்திலிருந்த பெண், “உன் பங்கையும் நாங்களே உரிக்கிறோம், சும்மா இரு” என்று அவர் தலையில் துண்டைப் போட்டுத் துடைத்தாள். ரேவதி அதற்குப் பிறகுதான் அழுதார்.

இறுதியாட்டம் மூன்று மணிக்கு. வாழப்பாடியில் வேறு கோல்கீப்பர் இல்லை. முன்கள வீராங்கனை ஒருத்தியை நிறுத்தலாம் என்று தேவகி பேசிக்கொண்டிருந்தபோது சுதா வந்தார்.

“ஏனுங்க, கோலுக்கு ஆளில்லீங்களாமா? எங்க மலரக் கூட்டிக்கிட்டுப் போங்க. சும்மாதான உக்காந்திருக்கறா.”

தேவகிக்கு நம்ப முடியவில்லை. “பைனல்ங்க. உங்களுக்கு எதிரா நிக்கணும்.”

“நிக்கட்டுங்க. கீப்பர் இல்லாத டீம ஜெயிச்சு நான் என்ன பண்றது?”

இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் நடுவர். சுதா செய்தது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் நான் மலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ‘சும்மாதான உக்காந்திருக்கறா’ என்பது மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்போல. எழுந்து வந்து, வாழப்பாடிச் சட்டைக்கு மாறி, ரேவதியின் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பெரிதாக இருந்தது. ரேவதி, கட்டுப் போடாத கையால் அதன் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டார்.

பாதிக்கு இருபது நிமிடம். முதல் பாதி முழுக்கக் காற்று மலரின் முகத்துக்கு நேராக அடித்தது. அவள் உதைத்த பந்து மேலே போய் நின்று திரும்பி அவளிடமே வந்தது. கூட்டம் சிரித்தது. அடுத்த பந்தை அவள் உதைக்கவில்லை, தரையோடு உருட்டிவிட்டாள். அப்புறம் எல்லாப் பந்தையும் அப்படியேதான். சேந்தமங்கலம் அடித்த மூன்று நல்ல அடிகளைத் தடுத்தாள். ஒன்று, விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளியது. உயரமான பெண்ணுக்குக்கூட எட்டியிருக்குமா என்று தெரியவில்லை.

இரண்டாம் பாதியில், கோல் ஏதும் விழாத நிலையில், வாழப்பாடித் தடுப்பாட்டக்காரி ஒருத்தியின் கையில் பந்து பட்டுவிட்டது. பெனால்டி. அடிக்க வந்தவர் சுதா.

கயிற்றோரம் சத்தம் அடங்கிவிட்டது. சுதா பந்தை வைத்தார், பின்னால் போனார், ஓடி வந்து அடித்தார். மலர் இடப்பக்கம் விழுந்தாள். பந்து நெஞ்சில் பட்டுக் கைக்குள் அடங்கியது. வாழப்பாடிப் பெண்கள் ஓடிப்போய் அவள்மேல் விழுந்தார்கள். அவள் பந்தை விடாமல் அப்படியே படுத்திருந்தாள்.

எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். “ஏம்புள்ள, சோத்த எந்த ஊர்ல திங்கற நீயி?”

சுதா திரும்பி நேராகக் கயிற்றருகே வந்தார். “நாந்தானுங்க அனுப்பிச்சேன். பந்தப் புடிக்கத்தான் அனுப்பிச்சேன். அவளை ஒண்ணும் பேசாதீங்க.” அவர் முகம் சிவந்திருந்தது. பெனால்டியைத் தவறவிட்ட கோபமும் அதில் இருந்திருக்கும். அந்த மனிதர் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்துவிட்டார்.

ஆட்டம் கோலில்லாமல் முடிந்து, அணிக்கு ஐந்து பெனால்டி என்று ஆனது. மலர் இரண்டைத் தடுத்தாள். ஆனால் வாழப்பாடிப் பெண்கள் மூன்றைத் தவறவிட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. கோப்பை சேந்தமங்கலத்துக்கு. மலரின் சொந்த அணி வென்றது, மலர் தோற்ற அணியின் சட்டையில் நின்றாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கோல் கம்பத்தருகிலேயே நின்றவளை ரேவதி போய்த் தோளில் கைபோட்டுக் கூட்டி வந்தார்.

சிறந்த வீராங்கனை பரிசு அவளுக்குத்தான். உள்ளூர்ப் பண்ணை ஒன்று கொடுத்த ஒரு டிரே முட்டை. நாமக்கல் மாவட்டத்தில் வேறென்ன கொடுப்பார்கள் என்று எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

பெனால்டியில் எந்தப் பக்கம் விழுவதென்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன். “அக்கா எப்பவும் ஒரே பக்கந்தானுங்க அடிப்பா. நான் நிக்கறேன்னு மாத்துவாளோன்னு நெனச்சேன். எனக்காகவெல்லாம் அவ மாத்த மாட்டான்னு தோணுச்சு” என்றாள். கசப்பில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

நாங்கள் வேனில் ஏறப்போகும்போது அக்கா, தங்கை இருவரும் வந்தார்கள். சுதா கோப்பையை இடுப்பில் இடுக்கியிருந்தார்.

“அடுத்த மாசம் நாமக்கல்ல மேட்ச் இருக்குது. நீதான் கோல்ல நிக்கற” என்றார் மலரிடம். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் அங்கே வந்து சொல்லியிருக்க வேண்டும்.

மலர் முட்டை டிரேயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் வாழப்பாடிக்கு ஆடறேன்க்கா.”

“ஏன்?”

“இன்னைக்குப் பூரா அவங்க என்னைக் கீப்பர், கீப்பர்னு கூப்பிட்டாங்க. நம்ம டீம்ல எல்லாருக்கும் நான் சுதா தங்கச்சிதான்.”

சுதா கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய், மைதானத்தில் வலையைக் கழற்ற ஆரம்பித்தார். தேவகிக்குக் கையும் காலும் ஓடவில்லை. “வேணாம்மா, உங்க ஊட்டு விஷயம், நாங்க நடுவுல வரல” என்றார். மலர் அசையாமல் நின்றாள். கண் மட்டும் அக்காவின் மேலேயே இருந்தது.

வலையை முழுக்கச் சுருட்டிக்கொண்டு சுதா திரும்பி வந்தார். மலரிடம் பேசவில்லை. தேவகியிடம் கேட்டார்: “ஞாயித்துக்கெழம பிராக்டிஸ் எப்ப முடிப்பீங்க? ரெண்டு பஸ்ஸு மாறி வரோணும். பொழுதோட ஊடு வந்து சேரோணுமுங்க.”

“மதியத்துக்குள்ள விட்டுர்றேங்க. பஸ் ஏத்திவிட்டுட்டுப் போன் பண்றேன்.”

“பண்ணுங்க” என்றார் சுதா. அப்புறம் வலையையும் கோப்பையையும் தன் அணிப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, மலரின் கையிலிருந்த டிரேயை வாங்கி, “இத நான் கொண்டு போறேன். நீ அவங்ககூட டீ குடிச்சிட்டு வா” என்று சொல்லிவிட்டு நடந்தார். டிரேயைக் கீழே விடாமல் வைத்துக்கொள்வதிலேயே கவனமாக இருந்தவர்போல, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மலர்தான் அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த உலகக் கோப்பையில் நான் பார்த்த ஆட்டங்களின் முடிவுகளில் பாதி இப்போதே மறந்துவிட்டது. யார் வென்றால் என்ன என்று பார்த்த ஆட்டங்கள் அவை. சேந்தமங்கலத்தில் இரண்டு பக்கமும் வெல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அப்படி நின்று பார்ப்பது ரொம்பக் கஷ்டம். திரும்ப நிற்கக் கூப்பிட்டால் போவேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாமக்கல் பேருந்து நிலையத்திலிருந்து சேந்தமங்கலத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு, அரை மணி நேரப் பயணம். மைதானத்தில் நிழல் குறைவு. தொப்பியும், மண் பறப்பதால் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஒரு குறிப்பு: போட்டி நாளில் பள்ளிக் கழிப்பறையைத் திறந்துவைத்திருந்தார்கள், தண்ணீர் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்த மாதிரிப் போட்டிகளுக்கு விளம்பரம் கிடையாது. பேருந்து நிலையத்து டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள்.

போட்டி இல்லாத நாட்களில் பயிற்சியைப் பார்க்க விரும்பினால், சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற எந்தப் பேருந்தும் வாழப்பாடியில் நிற்கும், முப்பது கிலோமீட்டர். ஞாயிறு காலையில் போங்கள். ரேவதிக்கு விரல் சரியாகிக்கொண்டிருக்கிறது, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். கோலுக்கு நடுவே மலர் நிற்பாள். அவளிடம் பேச வேண்டுமென்றால் பயிற்சி முடிந்த உடனே பேசிவிடுங்கள். தாமதமானால் தேவகிக்கு அவளுடைய அக்காவிடமிருந்து போன் வந்துவிடுகிறதாம்.